தகரம் வெட்டின தோள்

2009 ஜூன் 15, திங்கள்

கச்சான் காற்று. முற்றமெல்லாம் மணல். கடைக்கு இடியப்பம் கொடுத்தாயிற்று.

ஊர் அலுவல் பார்க்கும் விதானையார் வந்து சொல்லிப் போனார்: வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஆமியின் சோதனை. இளவட்டம் எல்லாரும் வரவேண்டும். உடம்பில் தழும்பு இருந்தால் தனி விசாரணை.

மகள் சுதா முகம் வெளுத்துப் போனாள். சுனாமியில் தகரம் கிழித்த வலத்தோள். காயம் ஆறியும் வடு தடிப்பது நிற்கவில்லை. நாலரை வருசமாக வளர்ந்து இப்போது நண்டளவு. பார்க்கிறவன் வெடிபட்டது, புலியில் இருந்தவள் என்பான். போன கிழமை பக்கத்து ஊரில் அப்படி ஒரு பிள்ளையைக் கொண்டுபோனார்கள். இன்னும் வரவில்லை.

"நண்டை ஏன்கா ஒளிக்கிறாய்? கறி வைப்பம்" என்றேன்.

சுதா சிரிக்கவில்லை.

16, செவ்வாய்

டவுன் கிளினிக். சுதா: "வெள்ளிக்கு முன்னம் வெட்டி எடுங்க டொக்டர்." எனக்கும் அதே எண்ணம்.

டொக்டரம்மா மாட்டேன் என்று தலையாட்டினார். "வெட்டினா புதுக்காயம். சந்தேகம் கூடும். வடுவும் முந்தியைவிடப் பெரிசா வரும்."

கேட்டேவிட்டேன்: "சுனாமி முகாமில பத்தியம் பாராம இறால் குடுத்தன். அதாலயா?"

"இல்லம்மா. உங்களில பிழை இல்ல."

இத்தனை வருசம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தது.

ஆமி கேட்டால் சொல்ல, டொக்டர் சொன்னது:

– காயம் பட்டதும் உடம்பில் சில புரதங்கள் வரும். மூன்று முக்கியம். ஒரே குடும்பம்.
– கலத்தின் (செல்) வாசலில் ஒட்டும். உள்ளே சேதி போகும்: பெருகு, நார் போடு, காயத்தை மூடு.
– மூடினதும் சேதி அடங்கவேண்டும். சுதாவுக்கு அடங்கவில்லை.
– முதலாவது வடுவைத் தடிப்பாக்கும். மூன்றாவது குறைக்குமாம். அது இன்னும் முடிவில்லை.
– இதே புரதம் வேறு இடத்துக் கலத்திடம் வளராதே என்றும் சொல்லும்.

"மூத்தது வாய் மூடாது டொக்டர். என்ட தமையனும் அப்படித்தான்" என்றேன். டொக்டர் சிரித்தார். சுதாவும், ஒரு பல் தெரிய.

தோள் வடு சுனாமியில் பட்டது என்று கடிதம் தந்தார். சிங்களத்தில், முத்திரையோடு.

18, வியாழன்

சுதா சாப்பிடவில்லை. "நம்பாட்டி என்னம்மா?"

கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி அவள் கைப்பையில் வைத்தேன்.

19, வெள்ளி

அனல். விடியவே வரிசை. படங்குத் துணி மறைப்புக்குள் பெண் சிப்பாய்கள். சுதா உள்ளே, நான் கயிற்றுக்கு வெளியே. ஒருத்தி கடிதத்தைப் படித்தாள். இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். பிறகு ஒரு மேலதிகாரி. கன நேரம் நின்றேன்.

அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்! வந்தாள்.

"நடங்கம்மா. திரும்பிப் பாராதங்க."

வாசலில் முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். "கடிதம் ஆருகா எழுதினது? என்ட புள்ளைக்கும் முதுகில தழும்பு. அவளும் சுனாமியில பட்டவள். உள்ள இருத்தி வெச்சிரிக்காங்க."

"புள்ளையப் பாராம டொக்டர் எப்படிகா எழுதுவா?"

நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. அவள் அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

சுதா நின்றாள். "நீங்க போய் டொக்டரைக் கூட்டி வாங்கம்மா. நான் இவவோட நிக்கிறன். ஆமி திரும்பக் கேட்டா என்ட தோளைக் காட்டுறன்."

"வாடி வீட்டுக்கு" என்றுதான் வாயில் வந்தது. சொல்லவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

கிளினிக் பன்னிரண்டுக்கு மூடும். இப்போது பதினொன்றே முக்கால். கல்லடிப் பாலத்தில் ஆமி பஸ்ஸை மறிக்கிறது; டவுன் அக்கரையில். எல்லாரையும் இறங்கச் சொல்கிறார்கள்.