பலகை ஒட்டும் வரை எழுந்திருக்கக் கூடாது

ஜூலை 12, வெள்ளி

காலை 6.10 எழுந்தேன். 6.40 காபி. 7.05 முதல் சும்மா.

ஓய்வு பெற்று நாற்பத்திரண்டு நாள். சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டாகத் தனியே உட்கார்ந்து முப்பத்தோரு வருடம் நேரம் குறித்த கை. எழுதாமல் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் இந்த நோட்டு.

மத்தியானம் படுத்தால் கட்டில் ஓடுகிறது. நிஜமாகவே. எங்கோ வெட்டவெளியில் வண்டி நிற்கிறது, சுற்றிலும் வேர்க்கடலைச் செடி. நான் பச்சைக் கொடி காட்டுகிறேன். வண்டி என்னை மட்டும் விட்டுவிட்டுப் போகிறது. விழித்தால் பக்கத்து அறையில் என் மனைவி மனோன்மணியின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தச் சத்தத்தைத்தான் தண்டவாளம் என்று நினைத்திருக்கிறேன்.

ஜூலை 15

தப்பு செய்துவிட்டேன். டியூப் லைட் மாற்ற அவள் மிஷின் மேசைமேல் ஏறினேன். டப்பென்று ஒரு சத்தம். பலகை நீளவாக்கில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஸ்டூல் பக்கத்திலேயே இருந்தது. ஏன் அதை எடுக்கவில்லை? அறிவு கெட்டவன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "இருவத்தாறு வருசமா அதும்மேல ஒரு டீ டம்ளர்கூட நான் வெச்சதில்ல" என்றாள். அவ்வளவுதான். தைக்க வந்திருந்த துணியையெல்லாம் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜூலை 16

கோயம்புத்தூரில் இருக்கும் மகளோடு போனில் ரொம்ப நேரம் பேசினாள். பிறகு என்னிடம், "ரெண்டாந்தேதி ஸ்வீட்லின் ஊட்டுக்குப் போறேன். டிக்கெட் போட்டுட்டா."

எத்தனை நாள் என்று கேட்டேன்.

"இங்க எனக்கு இனிமே இன்னா வேல இருக்குது?"

கேட்டதற்குப் பதிலா அது? பதில்தான். போகாதே என்று அப்போதே சொல்லியிருக்கலாம். விசிலும் கொடியுமாகவே காலம் தள்ளிவிட்டேன், தேவைப்படும்போது வாய் வருவதில்லை.

ஜூலை 17

பஜாரில் தச்சர் துளசிங்கம் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல தேக்கு சார். ஒட்டிடலாம். ஆனா கிருத்திகை முடியற வரைக்கும் எனக்கு மூச்சு வுட நேரமில்ல. நீங்களே ஒட்டுங்க." இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு எல்லாம் வேறு வேலையில் மாட்டியிருக்கிறதாம். "அது இல்லாமயும் ஒட்லாம் சார். பொறும வேணும், அவ்ளோதான்."

என்னிடமா பொறுமை கேட்கிறார்? ஒரு சிக்னலுக்காகப் பதினொரு மணி நேரம் நின்றவன் நான்.

ஜூலை 18

பசை தடவி, இரண்டு துண்டையும் சேர்த்து, மேலே ஒரு சிப்பம் அரிசியைத் தூக்கி வைத்தேன். 4.15.

ஜூலை 19

ஒட்டவில்லை. அடியில் விரித்த செய்தித்தாள் மட்டும் ஜோராக ஒட்டிக்கொண்டது. கண்ணீர் அஞ்சலி விளம்பரம். பலகையிலிருந்து மீசைக்காரர் ஒருவர் என்னையே பார்க்கிறார். மனோன்மணி எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். சிரித்தாள், நான் பார்த்தேன்.

ஜூலை 22

துளசிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். பழைய பசையைச் சுரண்டாமல் புதுப் பசை பிடிக்காதாம். மேலே பாரம் வைத்தால் கீழேதான் அழுத்தும், இரண்டு துண்டும் ஒன்றையொன்று நெருக்காது. சுற்றிக் கயிறு கட்டி, குச்சியைச் செருகி முறுக்க வேண்டும். அடியில் காகிதம் வேண்டாம், பால் கவர்.

மத்தியானத்திலிருந்து சுரண்டுகிறேன். தேக்கு வாசனை. கண் சொக்குகிறது.

ஜூலை 25

குச்சியை முறுக்கியதும் இணைப்பு நெடுக முத்து முத்தாகப் பசை கசிந்தது. என்ன அழகு! அரை மணிக்கு ஒரு தடவை கயிற்றைத் தளர்த்தி, ஒட்டிவிட்டதா என்று பார்த்தேன். ஐந்தாவது தடவை துண்டு கையோடு வந்துவிட்டது.

"வேகறதுக்குள்ள தொறந்து தொறந்து பாத்துகினு இருந்தா சோறு ஆவுமா?" என்று சமையலறையிலிருந்து குரல். பொறுமைசாலி! வெட்கமாக இருந்தது.

ஜூலை 29, ஆடிக் கிருத்திகை

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஆனால் இன்றைக்குத் திருத்தணியில் யார் வீட்டு வாசலும் அவரவர் வாசல் இல்லை. விடிந்ததிலிருந்து பூக்காவடி, பம்பை, அரோகரா. காவடிக்காரர்கள் குடிக்க வாசல் குடத்தில் மூன்று தடவை தண்ணீர் நிரப்பினாள் மனோன்மணி.

11.20 பசை தடவிக் கயிற்றை முறுக்கினேன். முறுக்க முறுக்கப் பலகை நடுவில் கூரைபோல எழும்பியது. அரிசியும் பாதி தீர்ந்துவிட்டது. ஒரு முனையில் நானே உட்கார்ந்தேன், மறுமுனை எழும்பியது. அங்கே நகர்ந்தால் இந்த முனை. பசை காய்ந்துகொண்டிருந்தது.

"மனோ! ஓடியா!"

இப்படி அவளைக் கூப்பிட்டதே இல்லை. மாவுக் கையோடு ஓடி வந்தாள். "இன்னாங்க? இன்னா ஆச்சு?"

"அந்த முனையில உக்காரு."

உட்கார்ந்தாள். பலகை படிந்தது.

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம். எழுந்திருக்கக் கூடாது."

"நல்லா மாட்டிகினேன்" என்றாள். முதுகும் முதுகும் சாய்ந்திருந்தோம். வெளியே மஞ்சள் மஞ்சளாக ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். பூ வாசனை. நான் விழித்திருக்கிறேனா என்றே சந்தேகம் வந்தது.

"அந்தக் கடைசிப் பொட்டியில தனியா இன்னாதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

நானும் சொன்னேன், முதல் தடவை. திருத்தணி தாண்டும்போதெல்லாம் நம் வீட்டைத் தேடுவேன். மாடியில் உன் புடவை காய்ந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துக் கொடியை ஒருதரம் ஆட்டுவேன்.

அவள் முதுகு என் முதுகில் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு சொன்னாள், "கூட்ஸ் சத்தம் கேட்டா நான் மாடிக்கு ஓடுவேன். ஏறிப் போறதுக்குள்ள கடைசிப் பொட்டி தூரமா பூட்டிருக்கும். எதுல நீங்கன்னு தெரியாது. எல்லா வண்டிக்கும் கைய ஆட்டுவேன்."

திரும்பிப் பார்க்க முடியாது, பலகை அசையும்.

"போவாத மனோ" என்றேன்.

"டிக்கெட் போட்டாச்சே."

12.20 ஆயிற்று. இருவரும் எழவில்லை. 1.05க்குத்தான் பசி வந்தது.

ஜூலை 30

கயிற்றை இன்றுதான் தொட்டேன். பிடித்துவிட்டது! தட்டினால் ஒரே மரமாகக் கேட்கிறது.

ஜூலை 31

மிஷினை ஏற்றி மாட்டினோம். சாயங்காலம் வரை தைத்தாள். ஆனாலும் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 1

பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாள், "உங்களுக்கு எத்தினி சட்ட வெக்கட்டும்?"

"எனக்கு எதுக்கு?" என்றேன்.

"கிருத்திகை சாயங்காலமே ஸ்வீட்லின்கிட்ட சொல்லி இன்னொரு டிக்கெட் போட்டாச்சு. பன்னெண்டாந்தேதி ரெண்டு பேரும் திரும்பணும், ஆவணி முகூர்த்தத்துக்கு ஜாக்கெட்டு குமிஞ்சி கெடக்குது. நின்னுகினே இருக்காதீங்க, சட்டைய எடுங்க."

ஆகஸ்ட் 2

அரக்கோணத்தில் ஏறினோம். நடுப்பெட்டி. ஜன்னல் ஓரம் அவள். வழியில் ஒரு சரக்கு வண்டி ஒதுங்கி நின்றது. அதன் கடைசிப் பெட்டியில் வெள்ளைச் சட்டையில் சின்ன வயசு கார்டு. மனோன்மணி கையை ஆட்டினாள். அவன் திகைத்துப் போய்த் திருப்பி ஆட்டினான்.

8.50 என் வலது தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

9.40 தோளில் உணர்வே இல்லை. டீ வந்தது, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

10.35 நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.