நண்டுத்திட்டுக்கு வருவோர்

மாசி 19. காலை 6:20. வழக்கமான பதிவு

நீர் வற்றம். வாடைக்காற்று லேசாக. பார்வை தெளிவு. கரண்டிவாய் உள்ளான்கள் திட்டின் தெற்கு ஓரத்தில் மேய்கின்றன. கூட்டம் குறையவில்லை.

இதைக் கண்டெடுக்கிறவருக்கு: நான் பிரிசில்லா, பறவை ஆராய்ச்சியாளர். உப்பங்கழிக்கு நடுவே நண்டுத்திட்டில், மரக்கால்கள் மேல் நிற்கும் கண்காணிப்பு அறையில் தனியாகக் குடியிருக்கிறேன். கரண்டிவாய் உள்ளான் குருவி அளவுதான். அலகு நுனி கரண்டி மாதிரி விரிந்திருக்கும். உலகத்தில் மிஞ்சிய கூட்டம் இது ஒன்றுதான். பங்குனி பிறந்ததும் வலசை கிளம்பி வடகோடிப் பனிக்காட்டுக்குப் போய் முட்டையிடும். அதுவரை ஒன்றுகூடச் சாகக் கூடாது. ஒரு பறவை செத்தாலும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காது.

காவலுக்கு வல்லூறுகள் இருக்கின்றன. நிஜ வல்லூறு இல்லை, இரும்பு அலகு வைத்த பறக்கும் இயந்திரங்கள். வேடர்களையும் நாய்களையும் விரட்டும். முகம் பார்க்காது, குரல்தான் அடையாளம். திட்டுக்கு வருகிறவர் ஏணியடியில் இருக்கும் ஒலிவாங்கி முன் நின்று "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். கிளம்பும்போதும் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

படகோட்டி சரபோஜி அண்ணன் தினமும் கரையிலிருந்து தண்ணீரும் சாப்பாடும் கொண்டுவருகிறார். இன்று மத்தி மீன் குழம்பு. "உங்க கொக்கு குருவியெல்லாம் என்னைக்கு டாக்டரம்மா ஊருக்குப் போகும்? நானும் ஒரு வாரம் படுத்துத் தூங்கணும்" என்றார். பத்து நாள் என்றேன். "சரி, போயிட்டு வர்றேன்" என்று ஒலிவாங்கியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

அறையில் இருக்கும் வல்லூறுகளின் கட்டுப்பாட்டுத் திரையில் "வருவோர்" என்று ஓர் எண் ஏறிக்கொண்டே போகிறது. வந்திறங்கும் பறவைக் கூட்டங்களை எண்ணுகிறது போல. பறவைக்குப் போய் உயர்திணை. வருபவை என்று எழுதக்கூடத் தெரியாத ஒருவனிடம் இவற்றைச் செய்த நிறுவனம் வேலையைக் கொடுத்திருக்கிறது.

மாசி 21. காலை 7:05

கரையோரம் திரிந்த நாய் ஒன்று சேற்றில் இறங்கியது. வல்லூறுகள் இதுவரை சத்தம் போட்டு விரட்டும், அவ்வளவுதான். இன்று நான்கு சேர்ந்து பாய்ந்தன. முதல் குத்திலேயே நாயின் முதுகு உடைந்தது. அது முன்னங்கால்களால் இழுத்து இழுத்துக் கரைப்பக்கம் போகப் பார்த்தது. விடவில்லை. கடைசியில் சேற்றில் தலை எது, கால் எது என்று தெரியவில்லை. நான் கத்தினேன். கேட்டதாகத் தெரியவில்லை.

நிறுவனத்துக்கு வானொலியில் பேசினேன். வந்த பதில்: "மேடம், போன வாரம் புது மென்பொருள் போட்டோம். ஆபத்து ஜாஸ்தியானா தாக்குறதுக்கு அதுக்கு அனுமதி இருக்கு. உங்க ஏரியால ஆபத்து ஜாஸ்தின்னு காட்டுது. திங்கக்கிழமை ஆள் வந்ததும் பாக்குறோம்."

ஒரு நாயா ஆபத்து? வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

மாசி 22. காலை 9:40

காகங்கள் ஒன்றுகூட மிச்சமில்லை. செம்பருந்து ஜோடியையும் வானத்திலேயே கிழித்துப் போட்டன. பிறகு நாணல் புதர்களுக்குள் புகுந்து ஒவ்வொன்றாகக் குத்திக் கிளறுகின்றன. அங்கே கூடு கட்டியிருந்த நாமக்கோழிகள் குஞ்சோடு போயின. தண்ணீரில் இறகும் ரத்தமும் மிதக்கின்றன. உள்ளான்களை மட்டும் தொடவில்லை. அவை பாட்டுக்கு அந்தத் தண்ணீரிலேயே மேய்கின்றன.

இவை எதையோ தேடுகின்றன. எதை என்று புரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

சரபோஜி அண்ணனை வர வேண்டாம் என்று சொல்லக் கரைக்கு மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கிளம்பியிருப்பார்.

மாசி 22. காலை 11:15

கையெல்லாம் சேறு. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகு வாய்க்கால் திருப்பத்தில் தெரிந்ததும் எல்லா வல்லூறுகளும் ஒரே நேரத்தில் எழும்பின. அண்ணன் துடுப்பை ஓங்கி முதல் ஒன்றை அடித்து வீழ்த்தினார். அடுத்தது அவர் தோளைத் தோண்டியது. இன்னொன்று தொடையில் அலகை இறக்கி முறுக்கியது. தண்ணீரில் விழுந்தார். நான் ஏணியில் இறங்கி, இடுப்பளவுச் சேற்றில் ஓடினேன். என்னை அவை ஒன்றும் செய்யவில்லை. நான் அவரைச் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, என் கைக்கடியிலேயே அவரைக் குத்தின.

ஏணியடியில் அவர் "ஐயோ அம்மா, நான்தாண்டா சரபோஜி" என்று அலறினார். சட்டென்று எல்லாம் நின்றது. ஒலிவாங்கி அங்கேதான் இருக்கிறது. குரல் கேட்டதும் விலகிப் போய் வரிசையாக உட்கார்ந்துகொண்டன.

மேலே தூக்கி வந்து தொடையை என் சேலையால் கட்டியிருக்கிறேன். துணி நனைந்துகொண்டே இருக்கிறது.

மாசி 22. பகல் 12:30

கூரைத் தகட்டைப் பிய்த்துவிட்டன. உத்தரத்தில் உட்கார்ந்து எங்களைப் பார்க்கின்றன. தொடவில்லை. வானொலிக் கம்பத்தை முறித்துப் போட்டன. கைக்கருவியில் கரை பேசுவது கேட்கிறது, நான் பேசுவது அங்கே போகவில்லை.

கேட்டது இது: "டாக்டரம்மா, அறிவுக்கொடி பேசுறேன். அவரு இன்னும் திரும்பல. படகுக்கு ஏதும் ஆச்சா? நானும் எந்தம்பியும் ரெண்டு ஆளுங்களும் பொழுது சாயறதுக்குள்ள வந்துர்றோம்."

அறிவுக்கொடி சரபோஜி அண்ணனின் மனைவி.

வராதே என்று சொல்லச் சிவப்பு வெளிச்ச வாணத்தை விட்டேன். விட்ட பிறகுதான் புத்தி வந்தது. கடற்கரை ஊரில் சிவப்பு வெளிச்சத்துக்கு ஒரே அர்த்தம், ஓடி வா என்பதுதான். "பாத்துட்டோம் டாக்டரம்மா, இந்தா கெளம்பிட்டோம்" என்கிறது கருவி. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாசி 22. பிற்பகல் 2:50

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

வல்லூறுகளின் பதிவைத் திறந்தேன். பக்கம் பக்கமாக ஒரே வரி: "சரபோஜி உள்ளே இருக்கிறார். ஒருவர் வருவார்." நடுநடுவே "பிரிசில்லா உள்ளே இருக்கிறார். ஒருவர் வருவார்."

தமிழ் நாக்கில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன் "போறேன்" என்று சொல்வானா? சொன்னால் வாயில் போடுவார்கள். அண்ணன் தினமும் "போயிட்டு வர்றேன்" என்றார். சேற்றில் இறங்கும்போதெல்லாம் நானும் அதையேதான் சொன்னேன். இந்தச் சனியனுக்குப் போகிற சொல் "போறேன்" ஒன்றுதான். அது காதில் விழாததால் நாங்கள் இருவரும் ஒருநாளும் வெளியே போகவே இல்லை. உள்ளே இருக்கிறவர் "வர்றேன்" என்றால் வேறு யாரோ வரப்போவதாக அதற்கு அர்த்தம், அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சொன்ன ஆட்கள் கண்ணில் படவில்லை. அப்படியானால் எங்கோ ஒளிந்திருக்கிறார்கள். திரையில் இருப்பது பறவைக் கணக்கு இல்லை. உயர்திணை சரியாகத்தான் இருந்தது. ஒரு பட்டாளமே நாணலுக்குள் பதுங்கியிருப்பதாக நம்பித்தான் இவை கிழிக்கின்றன. கழியில் வருகிற படகு எதுவானாலும் அந்தப் பட்டாளம்தான்.

கையேட்டில் வழி இருக்கிறது. சொன்னவரே சொந்தக் குரலில் "போறேன்" என்றால் அவர் பேரில் ஏறியதெல்லாம் அழியும். எண் பூஜ்யமானால் வல்லூறுகள் கூண்டுக்குத் திரும்பும். புதிதாக வருகிறவர் "வந்துட்டேன்" என்று சொல்லி ஏறலாம். பதிவு செய்த குரல் எடுபடாது. வேடர்கள் ஒருமுறை அப்படி ஏமாற்றினார்களாம்.

அதனால்தான் இன்னொரு விதியும். "போறேன்" என்று சொன்ன குரலுக்கு இந்தப் பருவத்தில் மறுபடி அனுமதி கிடையாது. சொல்லிவிட்டு இங்கேயே இருக்கிறவன் திருடன். கூண்டுக்குத் திரும்பும் முன் அவனை முடித்துவிட்டுத்தான் திரும்பும்.

அண்ணனால் நகர முடியாது, அவர் படகும் வாய்க்காலோடு மிதந்து போய்விட்டது. என் தலைக்கு மேலே பதினொன்று உட்கார்ந்திருக்கின்றன.

மாசி 22. மாலை 4:10

எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், எதையும் மறைக்கவில்லை. நான் காய்ச்சலில் உளறுவதாக நினைத்தார். "அடிபட்டுக் கெடக்கிற நேரத்துல அந்த வார்த்தைய சொல்லச் சொல்றீங்களே, நான் என்ன சாகவா போறேன்?" என்றார். ஒலிவாங்கி கீழே. அந்தப் பேச்சு அதற்கு எட்டவில்லை. ஏணியில் கட்டியிருந்த கம்பியைத் தளர்த்தி, அறாமல் ஒலிவாங்கியை மேலே கொண்டுவந்தேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

கெஞ்சினேன். காலைப் பிடித்தேன். பிறகு அறைந்தேன். ரத்தம் போய் வெளுத்துக் கிடக்கிற மனிதரைக் கன்னத்தில் அறைந்தேன். அதற்கும் பேசவில்லை. தொடைக் காயத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். அவர் போட்ட சத்தம் என் காதைவிட்டுப் போகாது. எனக்கு மத்தி மீன் குழம்பு கொண்டுவந்த மனிதர். நான் மிருகம். ஆனால் நிறுத்தவில்லை.

நிறுத்தியது கருவிதான். "ஏங்க, கேக்குதா? வாய்க்கா வாசலுக்கு வந்துட்டோம். கொஞ்சம் பொறுத்துக்குங்க."

அண்ணன் என் கையைத் தள்ளிவிட்டார். ஜன்னல் வழியாக நாணலைப் பார்த்தார். அங்கே கிழிந்து கிடந்ததையெல்லாம் பார்த்தார். "இவளை யாரு வரச் சொன்னது" என்று அழுதார்.

பிறகு கேட்டார்: "நான் சொன்னா அவளைத் தொடாதா? சத்தியமா?"

நானும் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சொன்னால் தொடாது என்றேன். ஒலிவாங்கியின் பக்கம் கையை நீட்டினார்.

"நீங்க பின்னாடி சொல்லுங்க. முன்னாடி நான் சொல்லிர்றேன். உங்களுக்கு ஆகறதைப் பாத்துட்டா எனக்குத் தைரியம் வராது."

ஒலிவாங்கியை இழுத்து, "சரபோஜி. போறேன்" என்றார்.

மாசி 22. மாலை 4:25

உடனே இறங்கின. அவர் மேலே குப்புற விழுந்து மூடிப் பார்த்தேன். என்னைக் குத்தவில்லை, ஓரமாகத் தள்ளின. நான் இன்னும் உள்ளே இருப்பவள் அல்லவா. அவ்வளவு மரியாதை. என் விரல்களுக்கு இடையில் அலகை விட்டு அவரைக் கிழித்தன. உலக்கையை எடுத்து ஒன்றை நொறுக்கினேன், இரண்டாவதை நொறுக்கினேன். மற்றவை வேலையை முடித்தன. சீக்கிரம் முடியவில்லை. சீக்கிரம் முடிந்தது என்று அவர் மனைவியிடம் யாரும் சொல்லலாம், நான் பொய் எழுத மாட்டேன்.

எண் ஒரேயடியாக இறங்கிவிட்டது. மிஞ்சியிருப்பது என் பேரில் ஏறியவை. அவை இருக்கும்வரை வல்லூறுகள் கூண்டுக்குப் போகாது.

மாசி 22. மாலை 5:02

படகு கண்ணுக்குத் தெரிகிறது. மூங்கில் கழி ஊன்றி வருகிறார்கள். முன்னால் நின்றுகொண்டு கையை வைத்து வெயிலை மறைத்துப் பார்க்கிறவர் அறிவுக்கொடியாகத்தான் இருக்க வேண்டும். வல்லூறுகள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பிவிட்டன.

வாயைத் திறக்காமல் இருந்தால் நான் பிழைப்பேன். திங்கட்கிழமை நிறுவனத்து ஆள் வருவான். பறவைகள் பங்குனியில் கிளம்புவதைப் பார்ப்பேன். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. இதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இந்த ஐந்து நிமிடமும் நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். என்னை நல்லவள் என்று யாரும் பேச வேண்டாம்.

வல்லூறுகள் எழும்புகின்றன.

மாசி 22. மாலை 5:04

சொல்லிவிட்டேன். படகை நோக்கிப் பாதி வழி போனவை திரும்புகின்றன. எண் பூஜ்யம்.

அறிவுக்கொடி அக்கா, ஏணிக்கடியில் வந்து நின்று, நாலு பேரும் தனித்தனியாக "வந்துட்டேன்" என்று உரக்கச் சொல்லுங்கள். திரும்பிப் போகும்போது "போறேன்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் படகில் ஏறிவிடுங்கள். வாய் தவறிக்கூட வேறு மாதிரி சொல்லிவிடாதீர்கள். இதையே ஜன்னலில் நின்று கத்தியும் சொன்னேன், நீங்கள் கையசைத்தது தெரிந்தது.

ஒலிவாங்கி மேலே இருக்கிறது, கீழே இறக்க வேண்டும், கம்பியோடு ஜன்னல் வழியாக விட்டுவி

விட்டுவிட்டேன். எட்டும்.

அண்ணன் கதவுக்கு இடப்பக்கம். முகத்தில் என் துண்டைப் போட்டிருக்கிறேன். அதை எடுக்காதீர்கள் அக்கா, அப்படியே தூக்கிக்கொண்டு போ