இரண்டாவது ஸ்லாட்

மார்ச் 4, திங்கள்

கணினி மறுபடியும் உறைந்தது. நீதிமன்ற ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சாட்சி வாயைத் திறக்கும் நேரம். மூன்று பக்கம் போயிற்று. கோப்பு தாமதம். வேலை தரும் கம்பெனி மேலாளர் குரலை உயர்த்தவேயில்லை. "இன்னொரு தடவ லேட்டானா லிஸ்ட்ல இருந்து உங்க பேர எடுத்துருவோம்மா" என்றார். அடுத்த கோப்பு 22ஆம் தேதிக்குள். எனக்கென்று இருப்பது இந்த ஒரு வேலைதான்.

மார்ச் 6

அண்ணன் வந்தார். கணினிக் கடைக்காரர். பாகங்களைச் சேர்த்து இந்தப் பெட்டியைப் பூட்டித் தந்தவரும் அவரே. "வைரஸ். நீ கண்டதையும் திறக்குற" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரத்தில் தூசி ஊதி, கேபிளை மாற்றி, எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட்டும் செய்தார். ஓடியது. இதில் எதனால் சரியானது என்று கேட்டேன். எல்லாவற்றாலும்தான் என்றார். அவருடைய தன்னம்பிக்கையில் கால்வாசி இந்தக் கணினிக்கு இருந்தால் போதும்.

மார்ச் 8

உறைந்தது.

மார்ச் 9

அண்ணனுக்குப் போன். இன்னொரு முறை ஃபார்மட் செய்யச் சொல்கிறார். தலைவலி, கால்வலி, கல்யாணம், எல்லாவற்றுக்கும் இவரிடம் ஒரே மருந்து.

மார்ச் 11

நானே திறந்துவிட்டேன். பக்கத் தகட்டுக்கு இரண்டு திருகு, அவ்வளவுதான். இதற்கா இத்தனை வருஷம் பந்தா? உள்ளே இரண்டு ரேம், அதாவது நினைவக அட்டை; அவற்றைச் செருக இரண்டு ஸ்லாட். ரேமைச் சோதிக்கும் நிரலைப் பென்டிரைவில் போட்டு ஓடவிட்டேன், பிழை இருந்தால் சிவப்பாகக் காட்டும், நாலு மணி நேர வேலை. குளித்துவிட்டு வந்தால் திரை கறுப்பு. கணவர் பிளக்கைப் பிடுங்கியிருந்தார். சிவப்பாக வரிகள் வந்ததாம், வெடிக்கப் போகிறது என்று நினைத்தாராம். நாள் முழுக்கச் செய்திச் சேனலில் சிவப்பு ஓடுகிறது, அதற்கெல்லாம் அசராத மனிதர்.

மார்ச் 12

திரையில் சீட்டு ஒட்டினேன்: 'சோதனை நடக்கிறது. சிவப்பு வந்தால் நல்லது. தொடாதீங்க.' கணவர் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.

மார்ச் 14

மூன்று நாள், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றினேன். முதல் ஸ்லாட்டில் முதல் ரேம்: பிழை இல்லை. அதே இடத்தில் மற்ற ரேம்: பிழை இல்லை. இரண்டாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் சிவப்பு. ரேம் இரண்டும் நல்லவை. ஸ்லாட்தான் கெட்டது, அதாவது அது பதிந்திருக்கும் மதர்போர்டு. வைரஸாம்.

மார்ச் 15

அண்ணனிடம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. "அது ஒரு கஸ்டமர் திருப்பிக் குடுத்த போர்டு. டைப் அடிக்கத்தானேன்னு உனக்குப் போட்டேன்" என்றார்.

தெரிந்தே. தெரிஞ்சே போட்டிருக்கான். ஃபார்மட் பண்ணப்பவும், மறுபடி பண்ணச் சொன்னப்பவும் தெரியும், வைரஸ்னு என் மேல பழி போட்டப்பவும் தெரியும். டைப் அடிக்கத்தானேன்னா போட்டான்? இத்தனை நாள் அவரை மக்கு என்று நினைத்திருந்தேன். மக்காகவே இருந்திருக்கலாம். போனை வைத்துவிட்டு அழுதேன், வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 21

முதல் ஸ்லாட்டில் ஒரே ரேமை வைத்து ஓட்டினேன். ஆமை வேகம், ஆனால் ஒரு தடவைகூட உறையவில்லை. கோப்பு ஒரு நாள் முன்னதாகவே போய்விட்டது. மேலாளர் அடுத்ததை அனுப்பியிருக்கிறார், இருநூறு பக்கம்.

மார்ச் 30, சனி

அண்ணன் புது போர்டோடு வந்தார், பெட்டி பிரிக்காதது. நான்தான் பொருத்தினேன். அவர் ஸ்க்ரூடிரைவருக்குக் கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை. இரண்டு ஸ்லாட்டும் வேலை செய்கின்றன. மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை, எனக்கும் அது தேவைப்படவில்லை. செருப்பு மாட்டும்போது தரையைப் பார்த்துக்கொண்டே, "கடையில ஒரு மெஷின் பதினஞ்சு நாளா படுத்துது, என்னன்னே புரியல. நீ பாக்குறியா?" என்றார்.

வியாழக்கிழமைக்கு மேல் கொண்டுவரச் சொன்னேன். உண்மையில் நாளைக்கே எனக்கு நேரம் இருக்கிறது.