ஏழாம் இலக்கப் படகு

பருத்தித்துறை,
16.02.2025

அன்புள்ள மகன் பிரவீணனுக்கு,

அப்பாவும் நானும் கடவுள் புண்ணியத்தில் சுகமாய் இருக்கிறோம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு அந்தப் பனிக்குள் சுகமாய் நடமாடுகிறாய் என்று நம்பி இதை எழுதத் தொடங்குகிறேன். வைபரில் கதைக்கலாம்தான். ஆனால் நீ ஓம் அம்மா விளங்குது என்று சொல்லி முடித்துவிடுவாய், எனக்கும் பாதி மறந்துபோகும். அதனால் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

போன சித்திரையில் உன் ஆராய்ச்சிக்கென்று நீ அனுப்பிய, படகில் பூட்டுகிற பன்னிரண்டு பெட்டிகளையும் பையில் போட்டுக்கொண்டு நான் கரையில் வீடு வீடாகப் போனேன் அல்லவா, அப்போது தேவராசா என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதை நான் உனக்குச் சொல்லவில்லை. சவர்க்காரக் கட்டியளவு இருந்த அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், நான் எங்கை போறன் எண்டு இது ஆருக்குச் சொல்லும்?" என்றார். நான் யோசிக்கவே இல்லை. கடல் தண்ணீரின் சூட்டையும் நீரோட்டத்தையும் அளக்கத்தான் இது, உங்கள் பேர் ஒரு இடத்திலும் வராது என்று சொல்லிவிட்டேன். முப்பத்திமூன்று வருஷம் புவியியல் படிப்பித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் வாங்கித் தன் படகில் பூட்டினார். அவர் கடற்றொழிலாளர் சங்கத்தின் செயலாளர், அவர் பூட்டியதைப் பார்த்துத்தான் மற்றப் பதினொரு பேரும் பூட்டினார்கள்.

ஊர்ப் பெயர்கள் சரியா என்று பார்க்கச் சொல்லி நீ போன கிழமை அனுப்பிய உன் ஆய்வேட்டு அத்தியாயத்தைக் கைபேசியில் வாசிக்க என் கண் விடவில்லை. அப்பாவுக்குக் கண்புரை எடுத்த பிறகு வீட்டிலிருக்கிற தூசியெல்லாம் தெரிகிறது, அதைப் பற்றியே நாள் முழுக்கக் கதை, ஆங்கிலத்தை வாசித்துக் காட்டச் சொன்னால் மட்டும் கண் கூசுதாம். ஆகவே நெல்லியடிக்குப் போய்ப் பிரகாசின் கடையில் அச்செடுத்தேன். ஒன்பதாம் வகுப்பில் உனக்குப் பின் வாங்கில் இருந்து படித்த பிரகாஸ்தான். எங்கள் கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. படகுகளின் பாதைகள் போட்ட வரைபடம் இயந்திரத்திலிருந்து வெளியே வந்ததும் தாளை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "ரீச்சர், இந்தப் பச்சைக்கோடு கற்பூரம் அண்ணையெல்லே?" என்று சிரித்தான். தேவராசாவைத்தான் கரையில் அப்படிப் பகிடியாகச் சொல்லுவார்கள். மற்றவர்கள் துறையிலிருந்து நேரே வடக்கே ஓடுவார்கள். இவர் மட்டும் ஒவ்வொரு நாளும் முதலில் மேற்கே போய், கோயில் கோபுரத்துக்கு நேரே எஞ்சினை நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் வடக்கே திரும்புவார். உன்னுடைய படத்தில் பேர் இல்லை, ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இலக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் பச்சையில் இருக்கிற ஏழாம் இலக்கக் கோடு ஒவ்வொரு நாளும் கோபுரத்தடியில் முழங்கை மாதிரி மடங்குகிறது. பிரகாசின் விரல் அந்தக் கோட்டோடு மேலே போய், புள்ளி புள்ளியாய்ப் போட்டிருந்த இந்தியக் கடல் எல்லையில் நின்றது. அவனுடைய சிரிப்பும் அதோடு நின்றுவிட்டது. பச்சைக்கோடு மூன்று நாள் அந்தப் பக்கம் போயிருந்தது. ஒருவருக்கும் சொல்லாதே என்றேன். நான் ஏன் ரீச்சர் சொல்லுறன் என்றான். சொல்லமாட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

பொதுப் பரீட்சை விடைத்தாளில் சுட்டெண் மட்டும்தான் இருக்கும், பேர் இருக்காது. ஆனாலும் வகுப்பில் படிப்பித்த ஆசிரியரின் கையில் அது கிடைத்தால் எழுத்தைக் கண்டவுடனே ஆருடையது என்று சொல்லிவிடுவார். கடலிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்து இருக்கிறது மகன். நான் அதை யோசித்திருக்க வேண்டும். நீயும் யோசித்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதையும் வாசித்தேன். அங்கேதான் எனக்கு இன்னும் பெரிய கவலை வந்தது. உங்கள் குழுவில் இருக்கிற நோர்வேக்காரப் பிள்ளை அந்த மூன்று நாளும் எல்லைக்கு அப்பால் தண்ணீர் குளிர்ந்திருந்தது, அங்கே மீன் கூடியிருக்கும் என்று எழுதியிருக்கிறாள். பெட்டியைச் செய்த எஞ்சினியர், படகு நின்ற இடத்தைப் பத்து மீற்றர் பிழைக்குள் சொல்லலாம் என்கிறார். இரண்டையும் வைத்துக்கொண்டு நீ, இலங்கைப் படகுகளும் மீன்வளத்தைத் தேடி எல்லை தாண்டுகின்றன, ஆகவே இரு நாட்டுப் பேச்சுவார்த்தையிலும் இது கணக்கில் எடுக்கப்பட வேண்டும் என்று முடித்திருக்கிறாய். தண்ணீர் குளிர்ந்தது சரி. படகு போனதும் சரி. ஆனால் மீனுக்குத்தான் போனார் என்று உனக்கு ஆர் சொன்னது?

நான் தேவராசாவின் வீட்டுக்குப் போனேன். அந்தப் படத்தையும் கொண்டு போனேன், மறைத்து வைக்க மனம் வரவில்லை. அவருடைய மனைவி றஜிதா வலைக்குள் சிக்கின குப்பையை எடுத்துக்கொண்டிருந்தா. முதலில் பதில் சொன்னது அவதான். இந்தியாவிலிருந்து இழுவைப் படகுகள் வந்து இவருடைய வலையை அறுத்து இழுத்துக்கொண்டு போன கிழமையாம் அது. முதல் இரண்டு நாளும், மிதந்து போன வலையைத் தேடிப் போயிருக்கிறார், பாதி வலைதான் கிடைத்ததாம். மூன்றாவது நாள் எஞ்சின் பழுதாகி நீரோட்டம் கொண்டு போயிருக்கிறது. விடியும்வரை அவ கரையில் நின்றாவாம். இதில் ஒரு நாள்கூட அங்கே வலை போடவில்லை. தேவராசா படத்தை வாங்கிக் கோபுரத்தடி முழங்கையில் விரலை வைத்தார். பிறகு, "கற்பூரம் காட்டிக்குடுக்கும் எண்டு இண்டைக்குத்தான் தெரியுது" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ரீச்சர், போனது உண்மை. போகேல்லை எண்டு எழுதச் சொல்லி நான் கேக்கமாட்டன். ஆனா மீனுக்குப் போனவன் எண்டு எழுதினா, நாளைக்குச் சங்கக் கூட்டத்திலை நான் என்னெண்டு வாய் திறக்கிறது?" எங்கள் ஆட்கள் எல்லை தாண்டி மீன் பிடிக்கிறதில்லை என்று எல்லாக் கூட்டத்திலும் எழும்பிச் சொல்கிறவர் அவர்தானே. றஜிதா குப்பை எடுத்த கையை நிறுத்தாமலே, "அவருக்குக் கூட்டம். எனக்கு ஆள் வீட்டை வரவேணும்" என்றா. நீ அத்தியாயத்தைக் கொண்டு போகிற வைகாசிக் கூட்டத்தில் இரண்டு நாட்டு அதிகாரிகளும் இருப்பார்கள் என்று நீதான் சொன்னாய். அந்த மனிசி அந்தக் கூட்டத்தைப் பற்றி அறியாமலே, அவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் பயப்படுகிறா. நான் எழும்பும்போது, பெட்டியைக் கழற்றவா விடவா என்று தேவராசா கேட்டார். மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அவர் சம்மதம் என்று ஒப்பம் வைத்த படிவம் இருக்கிறதே என்று நீ சொல்லுவாய். நாலு பக்கப் படிவம், அதை அந்தக் கரையில் ஒருவரும் வாசிக்கவில்லை. என் வாயைப் பார்த்துத்தான் வைத்தார்கள். ஆகவே உன்னில் மட்டும் பிழை சொல்ல நான் வரவில்லை. வகுப்பு வரவு இடாப்பில் ஒரு பிள்ளை வரவில்லை என்று சிவப்புக்கோடு போடுகிறோம். கோடு பொய்யில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்குப் படிப்பில் அக்கறையில்லை என்று அறிக்கையில் எழுதினால் அது எங்களுடைய கற்பனை, வீட்டுக்குப் போய்க் கேட்டால்தான் தாய்க்குச் சுகமில்லை என்று தெரியும். நீங்கள் மூன்று துறையைச் சேர்ந்தவர்கள், மூன்று பேரும் தங்கள் தங்கள் பங்கைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துத் தைத்த இடத்தில்தான் பிழை வந்திருக்கிறது. அந்த இடத்தில் நின்ற மனிதரை ஒருவரும் கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த அளவில் ஒன்று செய்து பார்த்தேன். உன்னுடைய படத்தில் கரையோரமாக இரண்டு கடல்மைல் அளவுக்கு வெள்ளைத் தாளை வைத்து மூடினேன். கோபுரத்தடி முழங்கை மறைந்துவிட்டது, இலக்கங்களையும் மறைத்தேன். எது ஆருடைய கோடு என்று எனக்கே தெரியவில்லை. உன்னுடைய அத்தியாயத்துக்குத் தேவையானது எதுவும் அந்த மூடின பகுதியில் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது, உன் பேராசிரியரோடு கதைத்துப் பார். ஆனால் படத்தை மூடினால் மட்டும் போதாது, மீனைத் தேடிப் போனார்கள் என்ற வசனம் அப்படியே இருக்கிறது. மாசி முடிவதற்குள் அனுப்ப வேண்டும் என்று நீ அவசரப்படுவது எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் நித்திரையில்லாமல் உழைத்தாய், அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இங்கே வேறு விசேஷமில்லை. உடுவிலில் இருந்து தனுஷா அக்கா வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போனாள். தம்பிக்கு உறைப்பான மிளகாய்த்தூள் ஒரு கிலோ இடிப்பித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னாள். உனக்கு இருமல் மாறியதா என்று அப்பா கேட்கிறார், கேட்டதாகச் சொல்லவேண்டாமாம். நல்லெண்ணெயை வாங்கித் தலையில் வை, அங்கேயும் கிடைக்கிறது என்று அறிந்தேன். உனக்கு ஒரு குறையும் வராமல் முருகன் துணையிருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் கும்பிடுகிறோம். நீண்ட ஆயுளோடும் நல்ல பெயரோடும் இரு.

தேவராசா காலமை பத்து மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பார், நீ அழைப்பாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ எழுதிய அந்த ஒரு பந்தியை முதலில் தமிழில் எழுது, பிறகு அவரை அழைத்து, அவர் கேட்க உன் வாயால் கடைசி வரிவரை வாசித்துப் பார்.

அன்புடன்,
அம்மா
சோ. குணலட்சுமி