அந்தப் படத்தை அழித்துவிடுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். ஆண்டவர் கிருபையில் சுகமாயிருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். இங்கே சபைக் கூடத்தில் இல்லாதவர்களுக்கு நான் இலவசச் சாப்பாடு பரிமாறுகிற செல்ஃபி ஒன்றை அனுப்பினேனே, அதை இனி யாருக்கும் காட்டாதீர்கள். பயப்பட ஒன்றுமில்லை.

படத்தில் தட்டை நீட்டுகிற அக்கா போன வாரம் என்னிடம் வந்து, "என் மூஞ்சி அதுல தெரியுதாம்மா? வேலை போனது எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றார். முதல் படம் ஆடிவிட்டதென்று, "கொஞ்சம் அப்படியே நில்லுங்கக்கா" என்று அவரை நிறுத்தி மறுபடி எடுத்தவள் நான். வலது கையில் கரண்டி, இடது கையில் போன். கூனிக் குறுகிப் போனேன். என் போனில் அப்போதே அழித்துவிட்டேன்.

ஊழியம் என்று நான் பீற்றிக்கொண்டதை நம்பி நீங்களும் ஊரெல்லாம் காட்டியிருப்பீர்கள். நம் ஊர்ப் போதகர் கேட்டால், பிள்ளை இப்போது பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறாள் என்று சொல்லுங்கள்.

யாராவது வந்தால் என் கம்பளிச் சட்டையைக் கொடுத்தனுப்புங்கள். உங்கள் பழைய சேலை ஒன்றும், துவைக்காமல்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. அன்று நான் தலை நிமிராமல் நின்றபோது அந்த அக்கா, "நீ சாப்பிட்டியாம்மா?" என்றார். இங்கு வந்ததிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத கேள்வி, அம்மா.

உங்கள் மகள்