ஊற்றை இடமாகச் சுற்றினேன்

1986 செப்டெம்பர் 7, ஞாயிறு. இன்டர்லாக்கன், சுவிஸ்

மழை விட்டது. லீவு. சப்பாத்து இன்னும் ஈரம்.

நோரீனோடு ஏரிப்பக்கம் நடை. ஹோட்டலில் துணி தோய்க்கும் ஐரிஷ்காரி. இத்தனை மாதம் நான் கோப்பை கழுவும் இடத்திலிருந்து ‘ஹலோ’ மட்டும்தான். இன்றுதான் சரியாகக் கதைத்தேன். அவளுடைய ஊர்ப்பக்கம் புனிதக் கிணறுகள் நிறைய. அத்தையோடு ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக் கதை கேட்பதுதான் பொழுதுபோக்காம். கல்யாணம் கட்டாததற்கும் அதுதான் காரணமாம்.

மறக்க முதல் எழுதி வைக்கிறேன்:
– கண்ணுக்கு ஒரு கிணறு, பல்லுக்கு ஒன்று, பைத்தியத்துக்கு ஒன்று.
– அந்தத் தண்ணீரை அடுப்பில் வைத்தால் கொதிக்காது. (விறகு ஈரமாக இருந்திருக்கும் என்றேன். முறைத்தாள்.)
– உடுத்த துணியில் ஒரு கீலம் கிழித்துப் பக்கத்து மரத்தில் கட்ட வேண்டும். துணி உக்க உக்க நோய் போகும்.
– கிணற்றில் ஊத்தைத் துணி தோய்த்தால் அது கோபித்துக்கொண்டு அடுத்த காணிக்குப் போய்விடும். லோண்டரிக்காரி சொல்கிறாள்!
– உள்ளே ஒரு மீன். கண்டவருக்கு நினைத்தது நடக்கும்.

ஏரிக்கு மேலே, சனம் பார்க்க வரும் ஒரு குகைக்குப் போகும் பழைய பாதையில், காட்டுக்குள், கல்தொட்டி வைத்த சின்ன ஊற்று. அந்தக் குகையில் முன்பு ஒரு துறவி இருந்தாராம். அவர் ஐரிஷ்காரர் என்பது நோரீனின் கட்சி. குகை வாசலில் டிக்கெட் கொடுப்பவர் இல்லை என்கிறார். இவள் அவரோடு ஒவ்வொரு முறையும் சண்டை. எப்படியோ இந்த ஊற்றைத் தன் கிணறாக வைத்திருக்கிறாள். சூரியன் போகும் பக்கமாகச் சுற்றி, ஒரு சுற்றுக்கு ஒரு கூழாங்கல் போட்டாள். கோயிலில் நாங்களும் இப்படித்தான், வலமாகத்தான் என்றேன். சந்தோசப்பட்டாள்.

மற்றப் பக்கமாகச் சுற்றினால்? சும்மாதான் கேட்டேன்.

அது சாபம் போடுவதற்கு என்றாள். பட்டினி கிடந்து, ஆளின் பெயரைச் சொல்லி. ஆனால் குற்றமில்லாதவனைச் சபித்தால் போட்டவன் தலையிலேயே விழும். அங்கேயும் செய்வினை இருக்கிறது என்று சிரித்தேன்.

செப்டெம்பர் 10, புதன்

குளிர். விரல் எல்லாம் வெடிப்பு. கிறீம் வாங்க வேண்டும்.

குசினிக்குப் பெரியவர், ஷெப், கூப்பிட்டு ஏசினார். வேலை நேரத்தில் சாமான் அறையில் நித்திரையாம். உருளைக்கிழங்குச் சாக்கில் சாய்ந்தது உண்மை. கண்ணை மூடினேன். அவ்வளவுதான். அடுத்த மாதத்தோடு ஹோட்டல் பாதி பூட்டு. குளிர்காலத்துக்குக் குசினியில் எங்களில் ஒருவருக்குத்தான் இடம். நானா, என் அறைக்காரர் சிவம் அண்ணையா என்று எல்லோருக்கும் தெரியும். வேலை போனால் திரும்பவும் முகாம் கட்டில். அகதி வழக்கு முடியாதவனை வேறு எவன் எடுப்பான்?

நான் சாய்ந்திருந்தபோது கதவைத் திறந்தவர் சிவம் அண்ணைதான். சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். இப்போது விளங்குகிறது ஏன் என்று: ஷெப்பிடம் போய்ச் சொல்லிக்கொடுக்க. பின்னேரம் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, முகம் வாடிக் கிடக்கு?" நல்ல நடிப்பு.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வெயில். தேத்தண்ணிகூடக் குடிக்காமல் ஊற்றுக்குப் போனேன். தனிய.

இடமாகச் சுற்றினேன். எங்களிலும் செத்த வீட்டுக் கிரியைக்குத்தான் இடம் சுற்றுவது. தெரிந்துதான் சுற்றினேன். ஒவ்வொரு கல்லுக்கும் அவர் பெயர். ஷெப்புக்குச் சலாம் போட்ட அந்த வலது கை விளங்காமல் போக வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். நாயோடு வந்த ஒரு சுவிஸ் கிழவி ‘க்ரூட்சி’ என்று வணக்கம் சொன்னாள். நானும் ‘க்ரூட்சி’ சொல்லிவிட்டு மிச்சச் சுற்றை முடித்தேன்.

மனம் லேசாகத்தான் இருந்தது. அறைக்கு வந்தால் சிவம் அண்ணை: "பசிக்குதோ? சோறு மூடி வைச்சிருக்கிறன், போட்டுச் சாப்பிடு." சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன்.

செப்டெம்பர் 18, வியாழன்

சிவம் அண்ணையின் கையில் கொதி எண்ணெய். பொரிக்கிற சட்டியை மாற்றும்போது வழுக்கியது. வலது கை. முழங்கை வரை.

தண்ணீருக்குள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். "அம்மா, அம்மா" என்று கத்தினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். எண்ணெய்க்கு ஊற்றைத் தெரியாது. நிலம் ஈரம், அவ்வளவுதான். நூறு தரம் சொல்லிப் பார்த்தேன்.

செப்டெம்பர் 19, வெள்ளி

அவருக்குப் பெரிய கட்டு. நான்தான் குழைத்து ஊட்டுகிறேன்.

இன்று ஷெப் என்னிடம், மெதுவாக, எனக்கு விளங்கும்படி: நீ படுத்ததை நானே பார்த்தேன், அன்றைக்கே அனுப்பியிருப்பேன். சிவம் வந்து உனக்குக் காய்ச்சல், தன் வேலையையும் நீதான் செய்தாய் என்று சொன்னபடியால் விட்டேன். அவனை நன்றாகக் கவனி.

காய்ச்சலும் இல்லை. அவர் வேலையை நான் ஒரு நாளும் செய்ததும் இல்லை.

கழிவறையில் போய் நின்றேன். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

செப்டெம்பர் 20, சனி

நோரீனிடம் எல்லாம் சொன்னேன். எப்படித் திருப்பி எடுப்பது? வலமாகச் சுற்றட்டுமா? துணி கட்டட்டுமா?

அவள் முகம் செத்துப் போனது. பகிடிக்குச் சொன்னதைக் கொண்டு போய்ச் செய்தாயா என்றாள். திருப்பி எடுக்கிற வழி அவள் போன எந்தக் கிணற்றிலும் இல்லை. அத்தையாக இருந்தால் அவன் முகத்துக்கு நேரே போய்ச் சொல் என்பாளாம். பிறகு விரிப்புகளை மடிக்கத் தொடங்கினாள். நாளைக்கு ஊற்றுக்குத் தான் வரவில்லை என்றாள், நான் கேட்காமலே.

செப்டெம்பர் 21, ஞாயிறு

நல்ல வெயில். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு.

நாலைந்து வாய் ஊட்டிய பிறகு சொன்னேன். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார். பிறகு விழுங்கினார்.

"என்ரை பேரைச் சொன்னனியோ?"

"ஓம் அண்ணை."

"எந்தக் கை எண்டும் சொன்னனியோ?"

"ஓம்."

கட்டைப் பார்த்தார். விசர்ப்பெடியன் என்று சிரிப்பார், நானும் அழுது முடிப்பேன் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வெட்கங்கெட்டவன். மன்னிப்பைக்கூட நானே சமைத்து வைத்திருந்தேன்.

அடுத்த வாயை நீட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லாமல் விட்டிருக்கலாம், தம்பி. கரண்டி ஒண்டு எடுத்துத் தா."

இடது கையால் சாப்பிட்டார். பாதி மடியில். பொறுக்கப் போனேன். "விடு," என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செப்டெம்பர் 22, திங்கள்

மழை. சிவம் அண்ணையின் கை டிசம்பரில் நத்தாருக்கு முதல் சரிவராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷெப் கூப்பிட்டார். குளிர்கால வேலை எனக்காம். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

‘யா’ என்றேன்.