ஐந்து பேருக்கு ஒரு மவுஸ்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். கணினி அறையில் மின்விசிறி மூன்று. ஒன்று சுற்றுகிறது, அதுவும் மரியாதைக்கு. கணினிகள் பத்து. உயிரோடு இருப்பவை ஏழு. ஒன்பதாம் வகுப்பு ‘பி’யில் முப்பத்தைந்து பேர். வகுத்தால் மீதி வரவில்லை. ஆசிரியர் பயிற்சி முகாமில் இதைத்தான் கூட்டுறவுக் குழுக் கற்றல் என்றார்கள்.

குழுவுக்கு ஐந்து பதவிகள். தலைவர், வாசிப்பவர், எழுதுபவர், நேரம் பார்ப்பவர், ஊக்குவிப்பவர். கடைசிப் பதவியின் வேலை கைதட்டுவது. பயிற்சியில் எனக்கு அதுதான் கிடைத்தது. நன்றாகச் செய்தேன்.

மூன்றாம் குழுவின் தலைவர் ஹரீஷ். அப்பா பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். தலைமை குடும்பத்தில் ஓடுகிறது. எழுதுபவர் சந்தியா. அம்மா பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே அடுக்ககத்தில் வீட்டு வேலை செய்கிறார்.

வேலை: உங்கள் தெரு விவரம் ஒன்றைக் கணினியில் பட்டை வரைபடமாக்குக. சந்தியா ஜூன், ஜூலை முழுக்கத் தன் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்த நாள், நேரம், வீட்டுக்குக் கிடைத்த குடம் எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். ஹரீஷ் வீட்டில் போர்வெல்.

வாங்க: பி.பி. மாத்திரை, சட்டைப் பட்டன்.

ஆகஸ்ட் 6, புதன்

மேலிடத்திலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். நேரே மூன்றாம் குழு. ஹரீஷ் மவுஸைப் பிடித்தபடி உறைந்துபோனான். பின்னால் நின்ற சந்தியா குனிந்து, “மேல போடா. அத்த இல்ல, பக்கத்துல கீது பாரு, அத்த அமுக்கு. குடத்த மட்டும் செலக்ட் பண்ணு... ஐயோ, எல்லாத்தையும் இல்லடா!”

வரைபடம் வந்தது. ஊக்குவிப்பவர் கைதட்டினார்.

“இதான் சார் கூட்டுறவு!” என்று அதிகாரி நெகிழ்ந்தார். புகைப்படம் எடுத்தார்கள். அதில் ஹரீஷ், மவுஸ், திரை, சந்தியாவின் முழங்கை.

மத்தியானம் தயிர் சாதம் புளித்திருந்தது. நானும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாவட்டக் கணினி முகாம். மூன்று நாள். பள்ளிக்கு ஒரு பிள்ளை. எச்.எம். மேடம் எழுதிய பெயர் ஹரீஷ்.

போய் நின்றேன். “மேடம், அந்த வரைபடம் சந்தியாவோடது.”

“லாகின் யாரோடது சார்?”

“ஹரீஷோடது. குழுவுக்கு ஒரு லாகின்தானே.”

“அப்புறம்? மவுஸ் அவன் கையில இருந்ததை ஆபீசரே பார்த்தாரே.”

கண்ணால் பார்த்த சாட்சி. ஆனால் மேடம் நல்லவர். அவரைத் திட்டவும் வழியில்லை. “சரி, திங்கக்கிழமை மூணு மணிக்கு அந்தப் பொண்ணு தனியா என் முன்னால போட்டுக் காட்டட்டும். போட்டா பேரை மாத்தறேன். நாலு மணிக்கு லிஸ்ட் போயாகணும்.”

நியாயம். வெற்றியோடு வெளியே வந்தேன். சந்தியாவிடம் சொன்னேன்.

“நெஜமாவா சார்? அங்க ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரா?”

“ஆமாம்.”



ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை. மாத்திரை வாங்க ஆவடி போகவில்லை. மாடி வீட்டுக்காரர் மென்பொருள் வேலை. மகள் மூன்றாம் வகுப்பு, சொந்த மடிக்கணினி. “சும்மா கேம்தான் ஆடுறா சார்” என்று அலுத்துக்கொண்டார். அனுதாபப்பட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மூன்று மணி. எண்ணெய் வைத்து வாரிய தலை, மடிப்புக் கலையாத ரிப்பன். நோட்டைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தாள். மேடம் எதிரே. ஜன்னலில் ஹரீஷும் பரிவாரமும்.

ஈர சோப்பைப் பிடிப்பதுபோல் மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி திரையின் மூலைக்கு ஓடி ஒளிந்தது. இரண்டு முறை அமுக்க வேண்டிய இடத்தில், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே வருகைப்பதிவு எடுத்து முடிக்கலாம்.

“இன்னா சந்தியா, வாய்தான் வேல செய்யுமா?” ஜன்னல் சிரித்தது. துரத்தினேன்.

மவுஸை வலப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். மேசை விளிம்பு வந்தது. கையை எடுக்காமல் திரும்பினாள்.

“சார், மேசை முடிஞ்சிடுச்சி. இப்ப இன்னா பண்றது?”

தூக்கி நடுவில் வை என்று இவளுக்கு யாரும் சொன்னதில்லை. யாரும் என்றால் நான். ஜூனில் இரண்டு மவுஸ் வயர் அறுந்ததும், தலைவர் தவிர யாரும் தொடக் கூடாது என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான். கையெழுத்து இன்றும் அழகாகத்தான் இருக்கிறது. மூன்று நாள் இருந்தும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பழகு என்று சொல்லத் தோன்றாதவனும் நான். மேடம்மேல் கோபப்படுவது எவ்வளவு சுகமாக இருந்தது.

மேடம் கடிகாரம் பார்த்தார். “பாவம் சார். பொண்ணுக்குக் கம்ப்யூட்டரே தெரியலையே.”

அவளுக்குத் தெரியும் என்றேன். எதை வைத்து என்று அவர் கேட்கவில்லை. நாலு மணிக்குப் பட்டியல் போயிற்று. ஹரீஷ்.

அட்டையைக் கிழித்தேன். சுண்ணாம்போடு வந்தது.

சந்தியா எழுந்திருக்கவில்லை. அழுவாள் என்று நினைத்து வெளியே நின்றேன். அழவில்லை. தூக்கி வைக்கிறாள், தள்ளுகிறாள், தூக்கி வைக்கிறாள்.

ஐந்தரைக்கு வாட்ச்மேன் சாவியோடு வந்தார். “இன்னா சார், ஊட்டுக்குப் போவலியா? பூட்டணும்.”

அவளைக் கேளுங்கள் என்றேன்.

நோட்டில் ஒரு விரலை வைத்தபடி, திரையிலிருந்து கண் எடுக்காமல் சொன்னாள்: “இருண்ணா. ஜூன் மாசந்தான் முடிஞ்சிகீது.”